மரம் அறுக்கும் மிஷின் காற்று இழுத்தால்: அறிகுறியிலிருந்து ஓட்டை வரை

காரைக்குடிப் பக்கம் மரம் அறுக்கிறவர்கள் மிஷினைக் கொண்டுவந்து பெஞ்சில் வைக்கும்போது சொல்வது பெரும்பாலும் ஒரே விஷயம்தான். "அண்ணே, நேத்து வரைக்கும் நல்லா அறுத்துச்சு. இன்னைக்குக் கைய விட்டா நின்னு போகுது, ஏத்துனா கத்துது. கார்பரேட்டர ஒரு திருப்புத் திருப்பி விடுங்க, கண்மாயில ஆளு நிக்குது." கண்மாயில் ஆள் நிற்பது உண்மைதான். சீமைக் கருவேலம் அறுக்க நாலு பேரைக் கூலிக்குக் கூட்டி வந்தவருக்கு ஒவ்வொரு மணி நேரமும் காசு. ஆனாலும் நான் முதலில் திருப்புளியை எடுப்பதில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்த மறுவாரம், புதுக்கோட்டைப் பக்கம் விழுந்த மரங்களை அறுத்து ஒதுக்கப் போயிருந்தேன். என் மிஷின் ஸ்லோவில், அதாவது கையை விட்ட பிறகு ஓடும் குறைந்த வேகத்தில், அணையாமல் ஓடவில்லை. கார்பரேட்டரில் ஸ்லோவுக்குப் பெட்ரோல் விடும் எல் ஸ்குரூவைக் கால் சுற்றுத் திறந்தேன், ஸ்லோ வேகத்தை வைக்கும் ஐட்லிங் ஸ்குரூவைக் கொஞ்சம் ஏற்றினேன், அணையாமல் ஓடியது. மறுநாள் இன்னும் கால் சுற்று. மூன்றாம் நாள் ஒரு பலா மரத்தின் அடிப்பகுதியில், செயின் சுற்றி ஓடும் இரும்புப் பார் முழுக்க இறங்கியிருந்தபோது மிஷின் கீச்சென்று கத்திவிட்டு அப்படியே பிடித்துக்கொண்டது. சைலன்சரைக் கழற்றிப் பார்த்தால் பிஸ்டனின் புகைவாய்ப் பக்கம் முழுக்க நெடுங்கோடுகள். கார்பரேட்டருக்கும் போருக்கும் (சிலிண்டருக்கும்) நடுவில் இருக்கும் இன்டேக் ரப்பரின் அடிப்பக்கத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு வெடிப்பு. அந்த ரப்பரை முதல் நாளே மாற்றியிருந்தால் பிஸ்டனும் போரும் பிழைத்திருக்கும். ஸ்குரூவைத் திருப்பி நான் செய்தது, வெடிப்பு என்னிடம் சொல்ல வந்ததைக் கேட்காமல் அதன் வாயைப் பொத்தியது.

ஏர் லீக் என்றால் என்ன என்பதைப் பம்புசெட் வைத்திருப்பவர்களுக்கு விளக்கவே தேவையில்லை. உறிஞ்சு குழாயில் ஊசிமுனை ஓட்டை விழுந்தால் தண்ணீர் வெளியே ஒழுகாது. காற்று உள்ளே போகும், தண்ணீர் ஏறாது. வெளியிலிருந்து பார்த்தால் குழாய் நன்றாகவே இருக்கும். மரம் அறுக்கும் மிஷினில் இருக்கும் டூ ஸ்ட்ரோக் இன்ஜினிலும் அதுதான் நடக்கிறது. பிஸ்டன் மேலே போகும்போது, கீழே கிராங்க் தண்டு சுற்றும் அறையான கிராங்க் கேஸில் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோலும் ஆயிலும் கலந்த காற்றைக் கார்பரேட்டர் வழியாக இழுக்கிறது. பிஸ்டன் கீழே வரும்போது அதே கிராங்க் கேஸில் அழுத்தம் ஏறி, அந்தக் கலவையை மேலே தள்ளுகிறது. ஆகவே கிராங்க் கேஸ் ஒரு பம்பு. கார்பரேட்டரைத் தாண்டி வேறு எங்காவது ஓட்டை இருந்தால், பெட்ரோல் இல்லாத வெறுங்காற்று உள்ளே நுழையும். பெட்ரோல் குறைகிறது என்பதோடு போவதில்லை. பெட்ரோலில் கலந்துதான் ஆயில் வருகிறது, ஆகவே ஆயிலும் குறைகிறது. சூடு ஏறுகிற அதே நேரத்தில் வழவழப்புக் குறைகிறது. பிஸ்டன் பிடிப்பது இதனால்தான்.

முதலில் ஐந்து நிமிடம்

ஏர் லீக் என்று முடிவுகட்டுமுன் வேறு சிலவற்றை ஒதுக்கிவிடுங்கள். டேங்கில் இருக்கும் பெட்ரோல் எத்தனை நாள் பழசு என்று கேளுங்கள். ஒரு மாதம் தாண்டியிருந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்து ஊற்றுங்கள். டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான நல்ல 2டி ஆயில் என்றால் லிட்டருக்கு 20 மில்லி, சாதாரண 2டி ஆயில் என்றால் 40 மில்லி. கம்பியை வளைத்து டேங்குக்குள் கிடக்கும் ஃபில்டரை வெளியே இழுத்துப் பாருங்கள். கறுத்துக் கெட்டியாகி இருந்தால் மாற்றுங்கள். அப்புறம் டேங்கின் மூச்சுக் குழாய். மிஷின் ஓடி ஓடி நிற்கும் நேரத்தில் டேங்க் மூடியைத் திறந்தால் உஸ் என்று காற்று உள்ளே இழுபட்டு, திரும்ப ஓடத் தொடங்கினால் அடைப்பு அந்த மூச்சுக் குழாயில்தான். நம் பக்கத்துச் செம்மண் தூசியும் ஆயிலும் சேர்ந்து அதைச் சாந்து மாதிரி அடைத்துவிடும்.

பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காப்பித்தூள் நிறம் நல்லது. கறுப்பு ஈரம் என்றால் பெட்ரோல் கூடுதல், அது வேறு கதை. சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தால் மேற்கொண்டு படியுங்கள்.

கையை விட்டால் நிற்கிறது, ஸ்லோவை ஏற்றினால் செயின் தானாக ஓடுகிறது

அதிகம் வருவது இதுதான். ஸ்லோவில் இன்ஜின் குடிக்கும் காற்றே கொஞ்சம். காற்று வழியைத் திறந்து மூடும் திராட்டில் ஏறக்குறைய மூடியிருக்கும், உள்ளே வெற்றிடம் பலமாக இருக்கும். ஊசி அளவு ஓட்டையில் நுழையும் காற்றுகூட அந்தக் கொஞ்சத்தில் பெரும்பங்கு. முழு வேகத்தில் அதே ஓட்டை அவ்வளவாகத் தெரியாது, ஏனென்றால் அப்போது கார்பரேட்டர் வழியாகவே ஏராளமான காற்று போகிறது. "அறுக்கும்போது நல்லாத்தான் இருக்கு, ஸ்லோதான் சரியில்ல" என்று சொல்வதைக் கேட்டு அலட்சியம் செய்யக் கூடாது. ஓட்டை சிறியதாக இருக்கும்போதே அகப்பட்டுக்கொண்டது என்றுதான் அதற்குப் பொருள்.

பாரையும் செயினையும் கழற்றிவிட்டு மிஷினை ஓட விடுங்கள். ஸ்லோவில் அது ஏறி இறங்கி அலையும்போது காற்றைக் குறைக்கும் சோக்கைக் கொஞ்சமாக, பாதிக்கும் குறைவாக, மூடிப் பாருங்கள். அலைச்சல் அடங்கி ஒரே சீராக ஓடினால் உள்ளே பெட்ரோல் போதவில்லை என்பது உறுதி. அது ஏர் லீக்காகவும் இருக்கலாம், கார்பரேட்டருக்குப் பெட்ரோல் சரியாக வராததாகவும் இருக்கலாம். ஃபில்டரையும் மூச்சுக் குழாயையும் முன்பே பார்த்தாகிவிட்டதால் சந்தேகம் பாதியாகக் குறைந்துவிட்டது.

அடுத்து, ஓடிக்கொண்டிருக்கும் மிஷினை மூக்குக் கீழே, மூக்கு மேலே, இடப்பக்கம், வலப்பக்கம் என்று நிதானமாகச் சாய்த்துப் பாருங்கள். கொஞ்சம் சத்தம் மாறுவது எல்லா மிஷினிலும் உண்டு. ஒரு பக்கம் சாய்க்கும்போது மட்டும் வேகம் விறுவிறுவென்று ஏறினாலோ, செத்துப் போனாலோ, கிராங்க் தண்டைச் சுற்றிக் கசிவை அடைக்கும் வளையமான ஆயில் சீல் மேல் என் சந்தேகம் போகும். பேரிங் தேய்ந்த கிராங்க் சாயும் பக்கம் நகர்ந்து, சீலின் உதட்டிலிருந்து விலகுகிறது. இன்டேக் ரப்பர் வெடிப்பு என்றால் சாய்ப்பதைவிடக் கைப்பிடியை அழுத்தும்போது மாற்றம் தெரியும். பின் கைப்பிடியும் டேங்கும் ஸ்பிரிங் அல்லது ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கும் மிஷின்களில், கைப்பிடியை மேலும் கீழும் அசைத்தால் அந்த ரப்பர் மடங்கி நிமிரும், வெடிப்பு திறந்து மூடும். இந்தச் சோதனை எங்கும் எழுதி வைத்து நான் படித்ததில்லை, பெஞ்சில் கற்றுக்கொண்டது. பலமுறை நேராக ஓட்டைக்கே கொண்டுபோய் விட்டிருக்கிறது.

கையை விட்ட பிறகும் வேகம் இறங்கத் தாமதிக்கிறது

திராட்டிலை விட்டதும் நல்ல மிஷின் சட்டென்று இறங்கி ஸ்லோவுக்கு வந்து நிற்கும். மூன்று, நான்கு நொடி உயரத்திலேயே தொங்கிவிட்டு அப்புறம் மெதுவாக இறங்கினால் கிட்டத்தட்ட ஏர் லீக் என்றே வைத்துக்கொள்ளலாம். முதலில் ஒதுக்க வேண்டியது: திராட்டில் கம்பியோ அதன் ஸ்பிரிங்கோ சிக்கியிருப்பது. ஏர் ஃபில்டரைக் கழற்றி, திராட்டில் தகடு தானாக முழுக்க மூடுகிறதா என்று கண்ணால் பார்த்தால் போதும். மூடினால் கம்பியைக் குறை சொல்ல முடியாது.

குளிர்ந்த மிஷின் நல்லா ஓடுகிறது, சூடானால் கெடுகிறது

இதில் மூன்று பேர் ஒரே மாதிரி வேடம் போடுவார்கள். மூச்சுக் குழாய் அடைப்பு என்றால் டேங்க் மூடியைத் திறந்ததும் சரியாகும். இக்னிஷன் காயில் சூட்டில் செத்தால் சத்தம் சட்டென்று அறுந்து நிற்கும், அந்தச் சூட்டிலேயே பிளக்கைச் சோதித்தால் பொறி வராது. ஏர் லீக் என்றால் அப்படிச் சட்டென்று நிற்காது. ஸ்லோ மெல்ல மெல்ல ஏறும், அலையும், நிறுத்தினால் திரும்ப ஸ்டார்ட் ஆக மறுக்கும், அரை மணி நேரம் வேப்ப மர நிழலில் வைத்தால் ஒன்றும் நடக்காத மாதிரி ஓடும். சூட்டில் ரப்பரின் வெடிப்பு விரிகிறது, கெட்டிப்பட்ட சீலின் உதடு தண்டை விட்டு விலகுகிறது. நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் இந்தப் புகார் கூடுவதைப் பார்த்திருக்கிறேன்.

முழு வேகத்தில் கீச்சென்று கத்துகிறது, புகை இல்லை

நிறுத்துங்கள். இன்னும் ஒரு கிளை, இன்னும் ஒரு வெட்டு என்று தொடர வேண்டாம்.

டேங்க் காலியாகும் கடைசி நொடிகளில் மிஷின் போடும் மெல்லிய கூர்மையான சத்தம் எல்லாருக்கும் தெரியும். பெட்ரோல் குறைந்து காற்று கூடும்போது வருவது அது. டேங்கில் பெட்ரோல் இருக்கும்போதே அந்தச் சத்தம் கேட்டால் ஓட்டை பெரிதாகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், இந்த நிலையில் சிலர் "மிஷின் முன்னவிட வேகமா ஓடுதே" என்று சந்தோஷப்படுவார்கள். மரத்தில் இறக்கினால் பலம் இருக்காது. நன்றாக இருக்கும் மிஷின் சுமை இல்லாமல் முழு வேகத்தில் ஓடும்போது கொஞ்சம் கரகரப்பாக, விட்டு விட்டு எரிகிற மாதிரி ஓடும், மரத்தில் இறங்கியதும் கரகரப்பு மறைந்து சுத்தமாகும். முழு வேகத்துக்குப் பெட்ரோல் விடும் எச் ஸ்குரூவைக் கால் சுற்றுத் திறந்தும் அந்தக் கரகரப்பு வரவில்லை என்றால் இனி ஸ்குரூவைத் தொடாதீர்கள்.

எந்த வேலையில் இது முதலில் பிஸ்டனைப் பிடிக்கும் என்று கேட்டால், இடித்த பழைய வீடுகளின் பர்மாத் தேக்கு உத்தரங்களை நீளவாக்கில் அறுக்கும் வேலை என்பேன். கருவேலங் கிளை அறுக்கும்போது நிமிடத்துக்குப் பலமுறை கை விடுகிறோம், இன்ஜின் மூச்சு வாங்கிக்கொள்ளும். உத்தரத்தில் பத்து நிமிடம் தொடர்ந்து முழு வேகம், முழுச் சுமை. கானாடுகாத்தான், பள்ளத்தூர்ப் பக்கம் பழைய மரம் வாங்கி அறுக்கிறவர்கள் வருஷத்துக்கு ஒருமுறையாவது ஏர் லீக் சோதனை செய்வது நல்லது.

கயிறு இலேசாக வருகிறது. குமிழில் நுரை வருகிறது

கயிறு இழுக்கும்போது எதிர்ப்பே இல்லை என்றால், ஸ்டார்ட் செய்யும்போது அழுத்தத்தைக் குறைக்கும் டிகம்ப்ரஷன் வால்வு மூடாமல் நிற்கலாம், பிளக் தளர்ந்திருக்கலாம், அல்லது பிஸ்டன் ஏற்கெனவே அடிபட்டிருக்கலாம். பிளக்கின் வாஷரைச் சுற்றி ஆயில் கறை இருந்தால் அதை முதலில் இறுக்குங்கள்.

பெட்ரோலை ஏற்றும் பிரைமர் குமிழை அழுத்த அழுத்த ஓயாமல் காற்றுக் குமிழி வந்தால் அது வேறு வகைக் காற்று. பெட்ரோல் டியூபிலோ, அது டேங்குக்குள் நுழையும் இடத்திலோ வெடிப்பு. இதுவும் பெட்ரோலைக் குறைக்கும், ஆனால் கிராங்க் கேஸ் சோதனையில் அகப்படாது. பெட்ரோல் பங்க்கில் இப்போது கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் டியூபை ஊதவைக்கும் அல்லது காயவைக்கும். நாலைந்து வருஷம் பழைய டியூபைச் சோதிக்கவே நேரம் செலவிடாமல் மாற்றிவிடுகிறேன்.

சந்தேகத்தை உறுதி செய்வது

ஸ்பிரே முறை எல்லாருக்கும் தெரியும். ஓடும் இன்ஜினில் சந்தேகப்படும் இடத்தில் கார்பரேட்டர் கிளீனரை லேசாக அடிப்பது. ஸ்லோ மாறினால் ஓட்டை அங்கே. நான் கிளீனருக்குப் பதில் சோப்புத் தண்ணீர் அடிக்கிறேன். சூடான சைலன்சர் பக்கத்திலேயே இருக்கிறது, தீப்பிடிக்கும் திரவத்தை அதன் மேல் தெளிக்க எனக்கு மனசு வராது. சோப்புத் தண்ணீர் ஓட்டையை ஒரு நொடி அடைக்கும், சத்தம் மாறும். இன்டேக் ரப்பர், கார்பரேட்டர் அடி, போரின் அடி கேஸ்கெட், இந்த மூன்றுக்கும் இது போதும். ஆயில் சீல்கள் ஒன்று ஃபிளைவீலுக்குப் பின்னால், மற்றது கிளட்சுக்குப் பின்னால் மறைந்திருப்பதால் அங்கே எட்டாது.

சீலைக் கண்டுபிடிக்க அழுத்தச் சோதனைதான் வழி. அதற்கான கருவி மருந்துக் கடையிலேயே கிடைக்கிறது: முள் டயல் வைத்த ரத்த அழுத்தமானி. பையைக் கழற்றிவிட்டு, கைப்பம்பின் குழாயையும் டயலின் குழாயையும் மீன் தொட்டிக்கு விற்கும் டி இணைப்பில் சேர்த்து, மூன்றாவது முனையை இன்ஜினுக்குக் கொடுங்கள். டயல் 300 மில்லிமீட்டர் பாதரசம் வரை காட்டும். பார் என்ற அழுத்த அளவில் அது ஏறக்குறைய 0.4 பார். ஸ்டில் (Stihl) கம்பெனியின் பணிமனைக் கையேடுகள் கேட்பது 0.5 பார், அதற்குப் பக்கத்தில் இருப்பதால் நம் வேலைக்குப் போதும். டயர் கடைக் கம்ப்ரசரை மட்டும் வைத்துவிடாதீர்கள், நல்ல சீலையும் பிதுக்கித் தள்ளிவிடும்.

செய்முறை இது. இன்ஜின் முழுக்க ஆறட்டும். சைலன்சரைக் கழற்றி, லாரி டியூபில் வெட்டிய ரப்பர்த் துண்டைப் புகைவாயின் மேல் வைத்து, சைலன்சரைத் திரும்ப மாட்டி இறுக்குங்கள். கார்பரேட்டரைக் கழற்றுங்கள். இன்டேக் ரப்பரின் வாயில் நடுவில் ஓட்டை போட்ட ஒரு ரப்பர்த் தக்கையைச் செருகி, அதன் வழியாக அழுத்தமானியின் குழாயை நுழையுங்கள். கார்பரேட்டரின் பம்பு டயஃப்ரமுக்குக் கிராங்க் கேஸிலிருந்து துடிப்பு கொண்டுபோகும் இம்பல்ஸ் குழாயின் முனையை ஒரு ஸ்குரூ செருகி அடையுங்கள். இதை மறந்தவர்கள் எல்லாச் சீலையும் மாற்றிவிட்டு இன்னும் கசிகிறதே என்று தவித்திருக்கிறார்கள். பிளக்கை மாட்டி இறுக்குங்கள். ஃபிளைவீலைக் கையால் சுற்றிப் பிஸ்டனை மேலே கொண்டு வாருங்கள். அப்போதுதான் இன்டேக் வாய் கிராங்க் கேஸுக்குத் திறந்திருக்கும்.

300 வரை ஏற்றிவிட்டுக் கையை எடுங்கள். முள் 20 நொடி அசையாமல் நின்றால் அழுத்தத்தில் கசிவு இல்லை. இறங்கினால் சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் ஒவ்வோர் இணைப்பிலும் தடவிக் குமிழியைத் தேடுங்கள். எங்கேயும் தெரியவில்லை என்றால் ஃபிளைவீலையும் கிளட்சையும் கழற்றிவிட்டுத் திரும்ப அழுத்தம் கொடுங்கள். முதலில் தக்கை, குழாய் இணைப்பு, புகைவாய் ரப்பர் மூன்றிலும் தடவிப் பார்ப்பது நல்லது. பாதி நேரம் கசிவது நாம் மாட்டிய அடைப்புதான்.

இங்கே நிறுத்திவிடக் கூடாது. ஆயில் சீலின் உதடு உட்பக்கம் பார்த்து இருக்கிறது. உள்ளிருந்து அழுத்தம் வந்தால் அது தண்டின் மேல் இன்னும் இறுக்கமாக உட்காரும், வெற்றிடம் வந்தால்தான் விலகும். தேய்ந்த சீல் அழுத்தச் சோதனையில் தேறிவிட்டு, ஓடும்போது காற்றை இழுத்துக்கொண்டிருக்கும். அதனால் வெற்றிடச் சோதனையும் வேண்டும். பிரேக் ஆயிலை இழுக்க கார் மெக்கானிக்குகள் வைத்திருக்கும் கை வேக்குவம் பம்பு இதற்குப் பொருத்தம். அதே தக்கை வழியாக 0.5 பார் வெற்றிடம் கொடுங்கள். 20 நொடியில் 0.3 பாருக்குக் கீழே குறையக் கூடாது. வெற்றிடம் நிற்கும்போதே ஃபிளைவீலை மெதுவாக முன்னும் பின்னும் கொஞ்சம் அசையுங்கள். தண்டில் ஒரு பள்ளம் தேய்ந்திருந்தால் குறிப்பிட்ட ஓரிடத்தில் மட்டும் முள் விழும்.

போரின் மேல்பகுதி, டிகம்ப்ரஷன் வால்வு இவற்றைச் சோதிக்கப் பிஸ்டனைக் கீழே இறக்கி, பிளக் துளை வழியாக அழுத்தம் கொடுக்க வேண்டும். பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்தெடுத்து, அதில் ஒரு பித்தளைக் குழாயைப் பற்றவைத்துத் தரச் சொன்னால் லேத் கடையில் செய்து தருவார்கள்.

ஓட்டை கிடைத்த பிறகு

இன்டேக் ரப்பர் என்றால் புதிது வாங்குங்கள். ஒட்டு போடாதீர்கள். சைக்கிள் பஞ்சர் சொல்யூஷன், எபாக்ஸி, கண்ணாடித் தொட்டி ஒட்டும் சிலிக்கான் எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. பெட்ரோல் ஆவியில் சிலிக்கான் ஊறி உரியும், உரிந்த துண்டு போருக்குள் போகும். சில மலிவு மிஷின்களில் ரப்பருக்குப் பதில் கெட்டியான அடாப்டரும் காகிதக் கேஸ்கெட்டும் இருக்கும். அவற்றில் பெரும்பாலும் ஓட்டை இல்லை, அதிர்வில் ஸ்குரூ தளர்ந்திருக்கும். அடாப்டரின் முகத்தை ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வைத்துப் பாருங்கள். ஆடினால் வளைந்திருக்கிறது. அதே கண்ணாடியில் மெல்லிய உப்புத்தாளை ஒட்டி, எட்டு வடிவத்தில் தேய்த்துச் சமன் செய்து, புதுக் கேஸ்கெட் போட்டு மாட்டலாம். இம்பல்ஸ் குழாய் வெடித்திருந்தால் அதே உள்விட்டக் குழாய் போதும், நீளத்தைக் கூட்டாதீர்கள்.

ஆயில் சீல் மாற்றுவதுதான் கொஞ்சம் பொறுமை கேட்கும் வேலை. முதலில் கிராங்க் தண்டின் முனையைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். கையில் ஆட்டம் தெரிந்தால் பேரிங் போய்விட்டது. புதுச் சீல் போட்டாலும் சில வாரத்தில் அதே கதைதான், கேஸைப் பிரித்து பேரிங் மாற்றுவதே முடிவு. ஆட்டம் இல்லை என்றால் தொடருங்கள்.

கிளட்ச் இடது மரை. கழற்றக் கடிகார முள் போகும் திசையில் திருப்ப வேண்டும். இது தெரியாமல் பலம் போட்டுக் கிராங்க் மரையையே அழித்த மிஷின்கள் என்னிடம் வந்திருக்கின்றன. இன்ஜின் சுற்றாமல் நிறுத்தப் பிஸ்டன் மேல் இரும்புக் கம்பியைக் குத்தாதீர்கள். பழைய ஸ்டார்ட்டர் கயிற்றைப் பிளக் துளை வழியாக உள்ளே திணியுங்கள். ஆனால் அதற்கு முன் பிஸ்டன் புகைவாயைத் தாண்டி மேலே வந்திருக்க வேண்டும், இல்லையென்றால் கயிறு அந்த வாயில் மாட்டி நசுங்கும். கிளட்ச் கழன்றதும் ஆயில் பம்பையும் அதன் வார்ம் கியரையும் கழற்றுங்கள். தைலமரம் அறுத்த மிஷினில் இந்த இடம் முழுக்கப் பட்டை நார் சுற்றியிருக்கும், ஒரு பல் துலக்கும் பிரஷால் சுத்தம் செய்துவிட்டு மேலே போங்கள். ஃபிளைவீல் பக்கம் நட்டு சாதாரண வலது மரை. ஃபிளைவீலை எடுக்க புல்லர் பயன்படுத்துங்கள், இறக்கைகளில் சுத்தியல் படக் கூடாது. அதன் சிறிய சாவித் துண்டு கீழே விழும், ஒரு கிண்ணத்தில் எடுத்து வையுங்கள்.

பழைய சீலை எடுக்கும்போது தண்டில் கீறல் விழுந்தால் புதுச் சீலும் கசியும். நான் செய்வது: சீலின் உலோக வளையத்தில் சிறிய டிரில் பிட்டால் மேலோட்டமாக ஒரு துளை போட்டு, ஒரு மரஸ்குரூவைப் பாதி ஏற்றி, அதைப் பிளையரால் நேராக இழுப்பது. பிட் ஆழமாகப் போனால் பேரிங்கைத் தொடும், அதனால் பிட்டில் டேப் சுற்றி அளவு வைத்துக்கொள்ளுங்கள். உலோகத் தூசி உள்ளே விழாமல் பிட்டின் முனையில் கிரீஸ் தடவுங்கள். சீலின் முகத்தில் மூன்று எண் அச்சடித்திருக்கும்: உள்விட்டம், வெளிவிட்டம், கனம். அதைச் சொன்னால் பேரிங் கடையில் கிடைக்கும். புதிய சீலின் உதட்டில் கிரீஸ், தண்டின் மரையிலும் சாவிப் பள்ளத்திலும் ஒரு சுற்று டேப், ஸ்பிரிங் இருக்கும் பக்கம் உள்ளே. வெளிவிட்டத்துக்குச் சரியான சாக்கெட்டை வைத்து, சுற்றிச் சுற்றி மெல்லத் தட்டுங்கள். பழையது எந்த ஆழத்தில் இருந்ததோ அதே ஆழம். ஒரு பக்கம் மட்டும் கசிந்தாலும் இரண்டையும் மாற்றுங்கள், இரண்டுக்கும் ஒரே வயது.

போர் அடி கேஸ்கெட் என்றால் முதலில் போல்ட்டுகளை மட்டும் இறுக்கிச் சோதியுங்கள். பல நேரம் அதோடு முடியும். மாற்ற வேண்டி வந்தால் அட்டையில் வெட்டிப் போடாதீர்கள். கேஸ்கெட்டின் கனம் மாறினால் பிஸ்டனுக்கும் போர் மண்டைக்கும் இடைவெளி மாறும், கம்ப்ரஷன் மாறும்.

மாட்டிய பிறகு

மாட்டியதும் அழுத்தம், வெற்றிடம் இரண்டையும் திரும்பச் செய்யுங்கள். ஃபிளைவீலுக்கும் காயிலுக்கும் நடுவில் ஒரு விசிட்டிங் கார்டை வைத்து இறுக்கினால் 0.3 மில்லிமீட்டர் அளவில் இடைவெளி அமையும். சைலன்சரை மாட்டுவதற்கு முன், புகைவாய் ரப்பரை எடுத்துவிட்டு, டார்ச் அடித்துப் பிஸ்டனைப் பாருங்கள். லேசான கோடுகள் என்றால் ஓட்டலாம். நகம் மாட்டும் அளவுக்குக் கோடு என்றால் பிஸ்டனை எடுத்தாக வேண்டும். இன்டேக் பக்கம் கோடாக இல்லாமல் மங்கித் தேய்ந்திருந்தால் ஏர் ஃபில்டர் வழியாகத் தூசி போயிருக்கிறது, அதையும் கவனியுங்கள்.

ஓட்டை இருந்தபோது திறந்து வைத்த ஸ்குரூக்கள் இப்போது தவறான இடத்தில் இருக்கின்றன. எல், எச் இரண்டையும் மெதுவாக உள்ளே உட்காரும்வரை திருப்பி, பல மிஷின்களுக்குப் பொருந்தும் ஒரு சுற்று வெளியே என்பதிலிருந்து தொடங்குங்கள். இன்ஜினைச் சூடாக்கி, எல் ஸ்குரூவில் ஸ்லோ அதிகமாக இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து ஒரு துளி திறந்துவிடுங்கள். அப்புறம் செயின் நிற்கும்வரை ஐட்லிங் ஸ்குரூவை இறக்குங்கள். எச் ஸ்குரூவைச் சுமையில்லாமல் கரகரப்பு வரும் இடத்தில் வைத்து, ஒரு காய்ந்த கட்டையில் இறக்கிக் கரகரப்பு மறைகிறதா என்று பாருங்கள். முன்பு எவ்வளவு திருப்பினாலும் வராத கரகரப்பு, இப்போது எட்டில் ஒரு சுற்றிலேயே வருவதைக் கேட்கும்போது கிடைக்கிற நிம்மதி எனக்கு இத்தனை வருஷத்திலும் குறையவில்லை.

முதல் டேங்க் முடியும்வரை பெரிய மரத்தில் இறங்க வேண்டாம், கருவேலங் கிளைகளே போதும். டேங்க் காலியானதும் பிளக்கை ஒருமுறை கழற்றுங்கள். வெளுப்பு போய்க் காப்பித்தூள் நிறம் ஏறத் தொடங்கியிருந்தால் உத்தரத்தை அறுக்கலாம்.